ஆறாவது பிளேடு வரை

போன மாதம் ஒரு நாள் பாறசாலை ரயில் நிலையத்தில் காலை வண்டிக்காக நின்றிருந்தேன். டீக்கடை ஓரத்தில் உங்களில் இரண்டு பேர் நின்றீர்கள். கழுத்தில் விமான நிலைய அடையாள அட்டை தொங்கியது. ஒருவன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே பெருக்கல் குறிபோல வைத்துக்கொண்டு, கண்ணை உருட்டி, "ஒண்ணேய்... ரெண்டேய்... மூணேய்..." என்று இழுத்தான். மற்றவன் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தான்.

"எலே, அண்ணன் நாலுக்கு வாறதுக்குள்ள பயணக்காரன் எல்லாம் வீட்டுல போயி சோறும் தின்னாச்சு."

"பள்ளிக்கூடத்துல எண்ணப் படிக்கல்ல போல. அதாக்கும் இங்க வச்சுப் படிக்காரு."

யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. லாசரை. புரொப்பெல்லர் விமானம் வந்து நின்றதும் மூக்குக்கு எதிரே கையைக் குறுக்கே வைத்து நின்று, பிளேடுகளை வாய்விட்டு எண்ணுகிற லாசரை. அவன் ஆறு என்று சொல்லிக் கையை இறக்கும்வரை நீங்கள் சாமான் கதவுப் பக்கம் போகக்கூடாது. உங்களுக்கு அது பொறுக்கவில்லை.

கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். வண்டி வந்துவிட்டது. வண்டி நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகும் கை சும்மா இருக்க மறுத்தது.

புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று உங்கள் பொறுப்பாளர் நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு எழுத்து வராது, பேச்சும் நயமாக வராது, ஆளை விடுங்கள் என்று தட்டிக்கழித்தேன். இப்போது எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். சுமையேற்றுகிறவனாகச் சேர்ந்து, ரேம்ப் பொறுப்பாளனாக வெளியே வந்தவன் நான். விமானம் வந்து நிற்கிற அந்தக் கான்கிரீட் தளத்தில்தான் என் தலை நரைத்தது. ஆகவே கொஞ்சம் கத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

வேலை எப்படிச் செய்வது என்பதை வகுப்பில் சொல்லித் தருவார்கள். சக்கரத்துக்குக் கட்டை எங்கே வைப்பது, எந்தக் கதவு எப்படித் திறப்பது என்பதெல்லாம் அங்கே கேளுங்கள். நான் சொல்லப்போவது லாசர் ஏன் வாய்விட்டு எண்ணுகிறான் என்பதை. அதற்கு முன்னால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும்.

முதல் விஷயம், காதை நம்பாதீர்கள்.

ஜெட் விமானத்தில் வேலை பார்த்தவன் காதால்தான் வேலை பார்ப்பான். சத்தம் உண்டு, தள்ளி நில். சத்தம் நின்றது, போ. அந்தக் காதோடு புரொப்பெல்லர் விமானத்துக்கு வந்தால் செத்தான். வந்து நின்றதும் விமானிகள் பல நேரம் வலது இன்ஜினை ஓடவிட்டே வைத்திருப்பார்கள், உள்ளே விளக்கும் குளிரும் வேண்டுமே. ஆனால் அந்தப் பக்கத்துப் புரொப்பெல்லரைப் பிரேக் போட்டு நிறுத்திவிடுவார்கள். இன்ஜின் தொண்டை கிழியக் கத்தும், பிளேடு அசையாது. இடது இன்ஜினை அணைத்துவிடுவார்கள். அது சத்தமில்லாமல் அடங்கும், ஆனால் பிளேடு பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும். கத்துகிறது நிற்கிறது, சுற்றுகிறது கத்துவதில்லை. நாம் போகவேண்டிய முன்பக்கச் சாமான் கதவு எங்கே இருக்கிறது? இடது பக்கம். சத்தமில்லாமல் சுற்றுகிற அதற்குச் சற்று முன்னால்.

கள்ளிக்காட்டிலிருந்து வந்த சுகு வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படித்தான் போனான். வலது பக்க இரைச்சலைப் பார்த்து முகம் சுளித்து, அந்தப் பக்கம் ஆபத்து என்று விலகி, இடது பக்கமாக நடந்தான். நான் பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னை எதுக்கு அண்ணே இழுத்தீக? நான் சத்தம் இல்லாத பக்கம்தானே போனேன்?"

"கண்ணு எதுக்குலே வச்சிருக்க? அங்க பாரு."

அவன் பார்த்தான். பிளேடே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல், அதற்குப் பின்னால் வலியதுறைப் பக்கத்துத் தென்னைகள் ஒழுங்காகத் தெரிந்தன. கண்ணாடி வைத்ததுபோல. மெதுவாக அந்த மங்கல் பிரிந்து பிளேடு பிளேடாக வந்தபோது சுகு எழுந்து போய் வாந்தி எடுத்தான். அன்றிலிருந்து அவன் நல்ல வேலைக்காரன். இதை நினைவில் வையுங்கள். சுகு அலட்சியக்காரன் இல்லை.

இரண்டாவது விஷயம், இந்த எண்ணுகிற பழக்கம். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, எந்தக் கம்பெனியும் கண்டுபிடிக்கவில்லை. தங்கம்மை என்று செங்கல் ஊர்க்காரி ஒருத்தி விமானத்துக்குள் கூட்டித் துடைக்கிற வேலைக்கு வந்தாள். அவளுக்குப் புரொப்பெல்லரைக் கண்டால் பயம். வேனில் இருந்து இறங்கமாட்டாள். எல்லாரும் போன பிறகும் வேன் வாசலில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருப்பாள்.

"சேச்சி, ஜெபமா?" என்று பையன்கள் கேட்பார்கள்.

"எண்ணுகேன். வீட்டுல ஃபேன் ஓடும்போ எத்தனை இதழு உண்டுன்னு செல்ல ஒக்குமா? நின்னாத்தானே எண்ண ஒக்கும்? ஆறும் எண்ணியாச்சுன்னா நின்னாச்சு. அதுக்கு முன்ன என்னைக் கொன்னாலும் எறங்கமாட்டேன்."

"இவ்வளவு பேடி இருந்தா இந்த வேலைக்கு எதுக்கு வந்தீக?"

"பேடி இல்லாதவன் நீ முன்ன போ மக்கா. உனக்க பெண்டாட்டிக்கிட்ட நான் செல்லிக்கிடுகேன்."

வேன் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வாரமே அதை எங்கள் ஷிஃப்டில் வழக்கமாக்கினேன். விமானத்தின் மேலே சிமிட்டுகிற சிவப்பு விளக்கு அணைந்த பிறகுதான் பக்கத்தில் போக வேண்டும் என்பது விதி. அது அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலே எங்கள் வீட்டு விதி ஒன்று. ஒருவன் ஒரு வேலையும் செய்யாமல் மூக்குக்கு எதிரே, தள்ளி, கையைக் குறுக்கே வைத்து நிற்பான். அவன் ஆறு பிளேடையும் எண்ணி முடித்துக் கையை இறக்கினால்தான் மற்றவர்கள் தரையில் போட்டிருக்கிற கோட்டைத் தாண்டலாம். கோட்டைத் தாண்டப் போகிறவன் புரொப்பெல்லரைப் பார்க்கக்கூடாது, எண்ணுகிறவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஏன் என்றால், அவசரத்தில் இருப்பவனுடைய கண், பிளேடு நின்றுவிட்டது என்றுதான் சொல்லும். அவசரம் இல்லாதவன் கண்தான் உண்மை சொல்லும். காதில் அடைப்பான் இருக்கும், கூப்பிட்டால் கேட்காது. ஆகவே முகம். காலை எடுத்து வைக்கும் முன் ஒரு தடவை முகம். அவ்வளவுதான். அப்போதெல்லாம் மனசுக்குள்தான் எண்ணுவார்கள்.

இனி லாசர்.

லாசர் ஆரியங்கோட்டுக்காரன். ரப்பர் வெட்டுகிற குடும்பம். அப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அம்மை வெட்டுக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்த்தாள். லாசர் மூத்தவன். இளையவன் பிஜு. பிஜு பெங்களூரில் லிஃப்ட் பொருத்துகிற வேலையில் இருந்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் ரயிலில்தான் வருவான். ஒரு தடவையாவது லாசர் வேலை பார்க்கிற விமானத்தில் வந்து இறங்க வேண்டும், அண்ணன் யூனிஃபார்மில் நிற்க அவன் முன்னால் பெரிய ஆள்போலப் பெட்டியை நீட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். லாசர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பான். "வரட்டும். அவனுக்க பெட்டிய மட்டும் நான் எறக்கமாட்டேன். கெடந்து தேடட்டும்."

ஒரு நாள் மதியம் பிஜு வேலை இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

உடலை மறுநாள் காலை விமானத்தில் அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் விமானம். எங்கள் ஷிஃப்ட்.

உங்களுக்கு எங்களுக்குள் உள்ள ஒரு வழக்கம் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளுங்கள். தமிழும் மலையாளமும் கலந்த இந்த எல்லைப் பக்கத்து ஆள் ஒருவன் பெட்டியில் வந்தால், இந்தப் பக்கத்து ஆள்தான் முதலில் அதன்மேல் கை வைப்பது. துபாயிலிருந்து வந்தாலும் சரி, மும்பையிலிருந்து வந்தாலும் சரி. முகவரியில் பாறசாலை என்றோ செங்கல் என்றோ இருந்தால், வேறு ஷிஃப்டில் இருப்பவனும் மாற்றிக்கொண்டு வந்து நிற்பான். சாதி, மதம் கேட்பதில்லை. கை வைத்து, காதோடு பேசுவதுபோலக் குனிந்து, "எத்தியாச்சு கேட்டியா" என்று சொல்லிவிட்டுத்தான் இழுப்போம். ஊர் வந்து சேர்ந்துவிட்டது என்று அவனுக்கு ஒருவர் சொல்ல வேண்டாமா? இது எந்தப் பயிற்சியிலும் இல்லை. இருக்கவும் வேண்டாம்.

மறுநாள் காலை லாசர் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்து நின்றான். ஷேவ் செய்திருந்தான். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருந்தான். 

"நீ எதுக்குலே வந்த? உனக்கு லீவு போட்டாச்சு."

"பெட்டிய நான் எறக்கணும் அண்ணே."

"கார்கோ கேட்டுல நில்லு. மாமன்மாரு எல்லாம் அங்க உண்டு. நாங்க அங்க கொண்டு தாறோம்."

"அம்மை செல்லி விட்டிருக்கா. வேற எவனும் தொடப்பிடாதாம். 'நீ நிக்கிய எடத்துலதான் அவன் வாறான், நீயாக்கும் எறக்கணும்'னு செல்லிப்போட்டு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடல்ல அண்ணே. நான் வாக்கு குடுத்தாச்சு."

மேலாளர் தொலைபேசியில் வந்தார். படித்த, நல்ல பையன். கோபப்படாமல் பேசினார். இந்த நிலையில் இருக்கிற ஒருவனை விமானத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது, கேட்டுக்கு அனுப்புங்கள் என்றார். அவர் சொன்னது சரி. நூறு தடவை கேட்டாலும் சரி. தம்பி உள்ளே கிடக்கிறான் என்று தெரிந்தவன் காலுக்கு விளக்கும் தெரியாது, கோடும் தெரியாது.

நான் லாசரைப் பார்த்தேன். கேட்டுக்கு அனுப்பினால் போயிருப்பான். எதிர்த்துப் பேசுகிற ஆள் இல்லை. ஆனால் அங்கே கம்பிக்குப் பின்னால் நிற்க முடியுமா அவனால்? அவனிடம் நுழைவு அட்டை உண்டு. விமானம் வருகிற சத்தம் கேட்டால், யார் பிடித்தாலும் நிற்காமல், ஏதாவது ஒரு வாசல் வழியாக, நான் பார்க்காத ஒரு பக்கத்திலிருந்து ஓடி வருவான். எனக்குத் தெரியாமல் ஓடி வருகிறவனைவிட, என் கையெட்டும் தூரத்தில் நிற்கிறவன் மேல்.

இப்படி நினைத்தது பாதி. மீதி, அவன் பூட்ஸுக்குப் போட்டிருந்த பாலிஷ். மறைக்கவில்லை.

"சார், அவன் என் பக்கத்தில் நிற்பான். பெட்டியின் பக்கம் நான்தான் கூட்டிப்போவேன்" என்றேன்.

"ஏதாவது ஆனால்?"

"ஆனால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆகாது."

கடைசியில், "பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவரும் மனிதர்தான்.

லாசரிடம் திரும்பினேன். "பெட்டிய நீ எறக்கு. ஆனா அதுக்கு முன்ன இன்னிக்கு எண்ணுகது நீயாக்கும்."

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். அன்றைக்கு எண்ண வேண்டியது வேறொருவன்.

"அண்ணே, எனக்கு இன்னிக்குக் கண்ணே தெரியல்ல."

"தெரியும். நீ கையை எறக்காம எவனும் போகமாட்டான். சுகுவும் போகமாட்டான், நானும் போகமாட்டேன். இவனுங்க எல்லாருக்கும் வீட்டுல ஒரு அம்மை உண்டு, மனசுல வச்சுக்க. வெப்ராளப்படாத, நிதானமா எண்ணு. எண்ணி முடிச்சிட்டு நம்ம பிஜுகிட்ட போவோம்."

ஏன் அப்படிச் செய்தேன்? காத்திரு என்று சொன்னால் ஓடுவான். உன் கையில் மற்றவன் உயிர் இருக்கிறது என்று சொன்னால் நிற்பான். லாசர் அப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் இது பொருந்தாது. அழுதுகொண்டிருக்கிறவனிடம் அடுத்தவன் உயிரைக் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு பக்கம் பார்க்காதீர்கள். நான் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால் நின்று, அவன் மஞ்சள் மேல்சட்டையின் முதுகைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, நானும் எண்ணினேன்.

விமானம் வந்தது. கடல் காற்று பலமாக இருந்தது. திரும்பி எங்களைப் பார்த்து நின்றது. சக்கரத்துக்குக் கட்டை போட்டாயிற்று. வலது பக்கம் இன்ஜின் கத்திக்கொண்டிருந்தது, பிளேடு நின்றது. இடது பக்கம் அடங்கத் தொடங்கியது. லாசர் கையைக் குறுக்கே வைத்துத் தலைக்கு மேலே தூக்கினான். 

அப்போது சிவப்பு விளக்கு அணைந்தது.

பிளேடு சுற்றிக்கொண்டிருந்தது. விளக்கு அணைந்துவிட்டது. விமானியின் கை பழக்கத்தில் முந்திவிட்டதோ, வேறு என்னவோ, எனக்குத் தெரியாது. நான் அதைப் பற்றி எழுதுவதற்காக இதை எழுதவில்லை. விளக்கும் ஒரு மனிதன் அணைப்பதுதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சாமான் வண்டியோடு இடது பக்கம் நின்றிருந்த சுகு விளக்கு அணைந்ததைப் பார்த்தான். வண்டியை விட்டான். ஓடினான்.

வழக்கமாக அவன் ஓடுகிறவன் இல்லை. மூக்கைச் சுற்றி வர வேண்டும் என்பதும் தெரிந்தவன். அன்றைக்கு நேர்வழியில் ஓடினான். பிறகு கேட்டபோது சொன்னான், லாசர் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்று. கதவைச் சீக்கிரம் திறந்துவிட்டால் லாசருக்கு அந்த நிற்பு ஒரு நொடியாவது குறையுமே என்று. அவ்வளவுதான் காரணம். கிழிந்த சட்டையோடு வாந்தி எடுத்தவன், பிறகு ஒரு நாள்கூடத் தப்பு செய்யாதவன், அன்புக்காக ஓடினான்.

நான் கத்தினேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. வலது இன்ஜின் அப்படிக் கத்திக்கொண்டிருந்தது. சுகுவின் காதில் அடைப்பான். அவனிடம் ஓட வேண்டும் என்றால் லாசரை விட வேண்டும். லாசரை விட்டால் லாசர் சுகுவை நோக்கி ஓடுவான். ஓடவும் நெளிந்தான். முதுகு என் கைக்குள் முன்னால் இழுத்தது.

"அசையாதலே!" என்று அவன் காதுக்குள் கத்தினேன். "நீ அசைஞ்சா அவன் பாக்குகதுக்கு முகம் இருக்காது! கையை எறக்காத!"

அவன் இறக்கவில்லை. தம்பி உள்ளே கிடக்கிறான், கூட்டுக்காரன் பிளேடை நோக்கி ஓடுகிறான், இவன் கால் தரையில் ஆணி அடித்ததுபோல நிற்கிறான். கண்ணீர் தாடை வழியாகச் சட்டைக்குள் இறங்குகிறது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் மேலே. ஆள் அப்படியே நின்றான்.

சுகு கோட்டை எட்டினான். அவன் கால் அங்கே ஒரு கணம் தயங்கியது. தலை திரும்பியது.

அவன் யோசித்துத் திரும்பவில்லை. பல வருடமாகக் கோட்டைத் தாண்டும் முன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கழுத்துக்குப் பழகிவிட்டது. மனசு கதவுப் பக்கம் ஓடிவிட்டது. கழுத்து மட்டும் பழக்கப்படி திரும்பியது. லாசரின் முகத்தைப் பார்த்தான். குறுக்கே வைத்த கையைப் பார்த்தான்.

நின்றான். அவனுக்கு முன்னால், இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும், அந்தச் சாம்பல் மங்கல் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பின்னால் பின்னாலேயே கால் வைத்து வந்தான். வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான்.

லாசர் அப்போதுதான் வாயைத் திறந்தான். மங்கல் பிரிந்து பிளேடு தெரியத் தொடங்கியிருந்தது.

"ஒண்ணு" என்றான். குரல் உடைந்தது. நின்றான். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். "ஒண்ணு. ரெண்டு. மூணு." எனக்குக் கேட்டது, அவன் முதுகோடு ஒட்டி நின்றதால். "நாலு. அஞ்சு." அஞ்சில் நீண்ட நேரம் நின்றான். கடைசிப் பிளேடு மேலே வந்து, தயங்கி, காற்றில் லேசாக ஆடி, நின்றது.

"ஆறு."

கையை இறக்கினான். நான் சட்டையை விட்டேன். என் விரல்களைப் பிரிக்க எனக்கே கொஞ்சம் நேரம் ஆயிற்று.

மூக்கைச் சுற்றி நடந்து போனோம். ஓடவில்லை. சுகு கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றான். லாசர் உள்ளே ஏறினான். பெட்டியின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தான். குனிந்தான்.

"எலே பிஜு. எத்தியாச்சு கேட்டியா. அண்ணன்தான். வா மக்கா, எறங்கு."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.  தங்கம்மை படிக்கட்டுக்கு அந்தப் பக்கம் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டாள். அவள் சிலுவை போடுகிற ஆள் இல்லை. செங்கல் கோவிலில் விளக்கு வைக்கிறவள். பெட்டிக்காரனுக்காகப் போட்டாள்.

அன்று மாலை ஆரியங்கோட்டுக்குப் போனேன். சுகுவும் வந்தான். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். அம்மை முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வெட்டுக் கத்தி பிடித்துக் காய்ப்பேறிய கை. லாசர் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நீயாக்குமா எறக்கின?" என்று கேட்டாள்.

"நான்தான் அம்மா."

"வேற எவனும் தொடல்லியே?"

"முதல்ல நான்தான் தொட்டேன். பின்னே எல்லாரும் பிடிச்சினும். சுகு பிடிச்சான். அண்ணன் பிடிச்சாரு."

அம்மை எங்களை நிமிர்ந்து பார்த்தாள். "நம்ம ஆளுவதான். அது போட்டு, தப்பில்ல" என்றாள். பிறகு லாசரின் கைகளை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பெட்டியைத் தொட்ட கை. தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. சின்னப் பிள்ளையின் விரல்களைப் பார்ப்பதுபோல. பத்தையும் பார்த்து முடித்த பிறகுதான் மூடி வைத்துக்கொண்டு அழுதாள்.

காலையில் அங்கே என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சுகு எழுந்து போய் ரப்பர் மரங்களுக்குள் நின்றான். அவன் தோள் குலுங்கியது. நான் போகவில்லை. அவனுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கள்ளிக்காட்டில் அவனுடைய அம்மை அந்த நேரத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் நறுக்கிக்கொண்டிருந்திருப்பாள். அவளுக்கும் எதுவும் தெரியாது.

அன்றிலிருந்து லாசர் வாய்விட்டு எண்ணுகிறான். ஏன் என்று நான் கேட்டதில்லை. இதை எழுதலாமா என்று மட்டும் போன வாரம் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். நீங்கள் டீக்கடையில் ஆடின ஆட்டத்தையும் சொன்னேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தான்.

"நல்லா எண்ணினானா அண்ணே?"

"மூணுலயே நின்னுட்டான் பன்னி."

"ஆறு வரை செல்லப் படிச்சுக் குடுக்கணும்" என்றான். பிறகு, "எழுதுங்க அண்ணே. பிஜுக்க பேரையும் எழுதுங்க" என்றான்.

எழுதிவிட்டேன்.

சோம்பேறி நம் தளத்தில் சாவதில்லை, அவன் பின்னால்தான் வருவான். வேலை தெரியாதவனையும் நாங்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டே இருப்போம். கூட்டுக்காரனுக்கு ஒத்தாசை செய்ய ஒரு அடி முந்துகிறவன்தான் எனக்குப் பயம். மழையில் காத்து நிற்கிற கிழவிக்காக, முதல் நாள் வந்தவனுக்காக, தம்பியைப் பறிகொடுத்தவனுக்காக. அந்த அவசரத்தை நான் திட்ட முடியாது. உங்களிடம் அது இருக்க வேண்டும். இல்லாதவன் எனக்கு வேண்டாம். ஆனால் அந்த அவசரம் வரும்போது உங்கள் கழுத்து திரும்ப வேண்டும். அன்றைக்குப் புதிதாகத் திரும்பாது. ஒன்றும் நடக்காத வெறும் நாட்களில் திரும்பித் திரும்பிப் பழகிய கழுத்துதான் திரும்பும்.

டீக்கடையில் சிரித்த இரண்டு பேரும் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். ஒருவனுடைய அம்மை எனக்குத் தூரத்துச் சொந்தம். அவளிடமும் சொல்லமாட்டேன். நாளைக் காலை வண்டியில் நீங்கள் போவீர்கள். விமானம் வரும். லாசர் கையைக் குறுக்கே வைப்பான், எண்ணுவான். நாலுக்கும் ஆறுக்கும் நடுவே உங்களுக்கு எரிச்சல் வந்தால், வரட்டும். உங்கள் கைவிரல் பத்தையும் சாயங்காலம் வீட்டில் யாரோ ஒருத்தி பார்ப்பாள், எண்ணுகிறோம் என்று தெரியாமலேயே.

அவன் முகத்தைப் பாருங்கள். ஆறு வரை நில்லுங்கள்.